கோட்டும் டையும் முதல் நாளே வருமா?



"ஏன்டா தம்பி, ஓட்டல்ல எலை எடுக்கிறதுக்கு மூணு வருசப் படிப்பா?"

ஓட்டல் மேனேஜ்மென்ட் டிப்ளமோவில் நான் சேர்ந்த அன்று என் அப்பா கேட்ட கேள்வி இது. அவர் நாகல் நகர்ப் பக்கம் ஒரு பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்துப் பிழைப்பவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். "இல்லப்பா, கோட்டு போட்டு ஏ.சி.யில நிக்கிற வேலைப்பா" என்று பெருமையாகச் சொன்னேன். நானும் அப்படித்தான் நம்பினேன்.

நான் மட்டுமா? எங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் கப்பல் என்பார்கள், மீதிப் பேர் துபாய் என்பார்கள். ஹவுஸ் கீப்பிங் என்று ஒருத்தன் கூடச் சொல்ல மாட்டான்.

மலைமேல் ஒரு ஓட்டலுக்குப் பயிற்சிக்குப் போனேன். முதல் நாள் என் கையில் கிடைத்தது வாளியும் பிரஷ்ஷும். அன்றைக்கு மட்டும் 14 ரூம். இரவு வீட்டுக்குப் போன் போட்டு, "ரிசப்ஷன்ல நிக்கிறேம்மா" என்று பொய் சொன்னேன். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் பாத்ரூம் தேய்க்கும்போது கை வலித்ததைவிட அந்தப் பொய்தான் அதிகம் வலித்தது.

ஆனால் அங்கேதான் தொழில் கற்றேன். கண்ணாடி டம்ளர் துடைக்கிற துணி வேறு, கழிவறைத் துணி வேறு. அறையின் உள்கோடியில் ஆரம்பித்து வாசலை நோக்கிக் கூட்டி வர வேண்டும். படுக்கை விரிப்பின் மூலையை மடித்துச் செருகுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. இதெல்லாம் தெரியாதவன் நாளைக்கு மேனேஜர் ஆனால், அறை சுத்தமா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வான்?

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வளையாது, ஒரு மாசத்துல ஓடிப் போறாங்க" என்று பெரியவர்கள் குறை சொல்கிறார்கள். பாதி உண்மைதான். மறுபாதியையும் கேளுங்கள். காலையில் சில மணி நேரம், நடுவில் இடைவெளி, மறுபடி ராத்திரி வரை என்று பிரேக் ஷிப்ட் இருக்கும் என்றோ, தீபாவளி பொங்கலுக்கு ஊரே லீவில் இருக்கும்போது நமக்குத்தான் வேலை அதிகம் என்றோ சேரும்போது யாரும் சொல்வதில்லை. ஆறு மாதமும் ஒரே வேலையில் போட்டுப் பிழிந்துவிட்டு அதைப் பயிற்சி என்பதும் நியாயமா? அது ஆள் பற்றாக்குறைக்கு வழி, அவ்வளவுதான்.

எனவே என் கருத்து இதுதான். அட்மிஷன் அன்றே பெற்றோரையும் உட்கார வைத்து, படித்து முடித்த அண்ணன்களையும் அக்காக்களையும் அழைத்து, முதல் சம்பளம் என்ன, முதல் வேலை என்ன என்று உள்ளதை உள்ளபடி பேசச் சொல்ல வேண்டும். பயிற்சியில் சமையல், பரிமாறுதல், ரிசப்ஷன், ஹவுஸ் கீப்பிங் நான்கையும் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். டிப்ளமோ முடித்தவர்களுக்கு 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி உதவித்தொகையோடு பயிற்சி உண்டு என்பதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இன்னொன்று. வேலை என்றால் கொடைக்கானல், இல்லாவிட்டால் வெளிநாடு என்றே நினைக்கிறோம். கொடைக்கானல் சீசனை நம்பிய ஊர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் ஓட்டல்கள் பூட்டிக் கிடந்ததைப் பார்த்தோம். நெரிசலைக் கட்டுப்படுத்த உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் மலையேற இ-பாஸ் முறையும் வந்தது. கீழே சமவெளியைப் பாருங்கள். பழனிக்குப் பக்தர்கள் வராத மாதம் உண்டா? நாலு வழிச்சாலையில் போகிறவர்கள் நம்ம ஊர் சீரகச் சம்பா பிரியாணிக்கென்றே வண்டியை நிறுத்துகிறார்கள். 2019-ஆம் ஆண்டில் மட்டும் திண்டுக்கல் பூட்டு, பழனி பஞ்சாமிர்தம், கொடைக்கானல் மலைப்பூண்டு மூன்றுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. நாயக்கர் கட்டி, ஐதர் அலி ஆண்ட மலைக்கோட்டை நம் கண் முன்னால் நிற்கிறது. வெளியூர்க்காரர் வந்து அதன் கதையைக் கேட்டால், டூரிசம் பாடம் படிக்கும் நம்மில் எத்தனை பேரால் பத்து நிமிடம் பேச முடியும்?

பயிற்சி முடிந்து வந்ததும் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று பயந்தேன். சிரித்தார். "பட்டறைக்குப் போன மொத வருசம் எனக்கும் துரு தேய்க்கிறதுதான்டா வேலை. மூணாவது வருசந்தான் சாவி வெட்ட விட்டாங்க."

அப்பா சொன்னதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று நமக்கு, மற்றொன்று நம்மை வேலைக்கு எடுக்கும் முதலாளிகளுக்கு.

துரு தேய்க்க நாங்கள் தயார், ஐயா! காலம் வரும்போது சாவி வெட்ட விடுங்கள்!

– மூன்றாம் ஆண்டு மாணவன், ஓட்டல் மேனேஜ்மென்ட் பிரிவு