கம்ப்யூட்டருக்கு பேஸ்பால் தெரியாது

பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "இந்த அணிதான் ஜெயிக்கும்" என்று சொன்னால் நாம் நம்புவதில்லை. எப்படிச் சொல்கிறீர்கள் என்று நூறு கேள்வி கேட்போம். அதே செய்தி மானிட்டரில் ஓர் எண்ணாக, சதவீதக் குறியுடன், பக்கத்தில் ஏறி இறங்கும் ஒரு கோட்டுடன் வந்தால் வாயை மூடிக்கொள்கிறோம். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். சாப்ட்வேர் எழுதிச் சம்பாதிக்கும் நானே இதில் சறுக்கியிருக்கிறேன்.

2025-இல் ஒரு புராஜெக்டுக்காக அமெரிக்காவில் இருந்தேன். நவம்பர் 1, சனிக்கிழமை இரவு. அங்கே பேஸ்பாலின் இறுதிப் போட்டித் தொடரை 'வேர்ல்டு சீரிஸ்' என்கிறார்கள். ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வெல்லும் அணிக்குக் கோப்பை. லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸும் டொரொண்டோ புளூ ஜேஸும் ஆளுக்கு மூன்று வென்றிருந்தன. அன்று ஏழாவது ஆட்டம்.

என் அறை நண்பன் டிவியைப் பார்க்கவில்லை, லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒரு கணிப்புச் சந்தை வெப்சைட் திறந்திருந்தது. கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் டொரொண்டோ 4-3 என்று முன்னிலை. அதன் பெயருக்கு எதிரே இருந்த எண் மிக உயரத்தில் நின்றது.

"இவ்வளவு காட்டுதேடா, அப்படின்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டான்.

"ஏறக்குறைய ஜெயிச்ச மாதிரிதான்டா" என்றேன்.

அவன் 'வாங்கு' பட்டனைக் கிளிக் செய்ததை நான் கவனிக்கவில்லை. அந்த மாதம் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்ப வைத்திருந்த 400 டாலர் அது.

டொரொண்டோவுக்கு இன்னும் இரண்டே அவுட் போதும் என்ற நிலையில், டாட்ஜர்ஸின் ஒன்பதாவது பேட்ஸ்மேன் மிகேல் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்தார். ஆட்டம் சமன். பதினோராவது இன்னிங்ஸில் வில் ஸ்மித் இன்னொரு ஹோம் ரன் அடித்தார். டாட்ஜர்ஸ் 5-4 என்று வென்று, 2024-ஐத் தொடர்ந்து மறுபடியும் கோப்பையை எடுத்துக்கொண்டது. திரையில் இருந்த எண் பூஜ்யம் ஆனது.

நண்பன் சொன்னான்: "கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லிடுச்சு." கம்ப்யூட்டர் ஒன்றுமே சொல்லவில்லை. தப்பாகச் சொன்னவன் நான்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது?

கணிப்புச் சந்தையில் ஒவ்வொரு அணியின் பெயரிலும் ஒரு சீட்டு விற்கப்படுகிறது. அந்த அணி கோப்பையை வென்றால் சீட்டுக்கு ஒரு டாலர் கிடைக்கும். தோற்றால் ஒன்றும் கிடைக்காது. ஒருவர் 25 சென்ட் கொடுத்து வாங்கத் தயார், இன்னொருவர் அதே விலைக்கு விற்கத் தயார் என்றால் திரையில் 25 என்று தெரியும். அதைத்தான் 25 சதவீத வாய்ப்பு என்று படிக்கிறோம். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1988-லேயே தேர்தல் முடிவுகளுக்காக இப்படி ஒரு சந்தையைத் தொடங்கியது. இன்று கல்ஷி, பாலிமார்க்கெட் போன்ற வெப்சைட்டுகள் விளையாட்டுக்கும் இதையே நடத்துகின்றன.

ஆக, அந்த எண் ஒரு விலை, நம் ஊர் மார்க்கெட்டில் தக்காளி விலை மாதிரி. வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் சேர்ந்து வைத்தது. அதைக் கூட்டிக் கழித்துத் திரையில் காட்டுவது மட்டுமே கம்ப்யூட்டரின் வேலை. அதற்கு பேஸ்பால் தெரியாது.

படிக்கும் முறை

அமெரிக்க மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றும் ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறது. எல்லா அணிகளும் சம பலம் என்றால் ஆளுக்குச் சுமார் 3.3 சென்ட்தான் விலை. எனவே ஓர் அணி 25 சென்ட்டுக்குப் போகிறது என்றால் அது பெரிய அணிதான். ஆனால் அதே 25-ஐத் திருப்பிப் படியுங்கள். நான்கில் மூன்று பங்கு அது கோப்பையை வெல்லாது என்றும்தான் அர்த்தம்! 2023-இல் 162-க்கு 84 ஆட்டம் மட்டுமே வென்ற அரிசோனா அணி வேர்ல்டு சீரிஸ் வரை வந்துவிட்டது.

சின்ன எண்ணையும் இப்படித்தான் படிக்க வேண்டும். 2016-இல் சிகாகோ கப்ஸ் அணி 3-1 என்று பின்தங்கியிருந்தது. இரு அணியும் சம பலம் என்றால், தொடர்ந்து மூன்று ஆட்டம் வெல்லும் வாய்ப்பு எட்டில் ஒன்று, அதாவது பன்னிரண்டரை சதவீதம். கப்ஸ் மூன்றையும் வென்று, 1908-க்குப் பிறகு முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கியது. எட்டில் ஒன்று என்றால் எப்போதாவது நடக்கும் என்று அர்த்தம். நடக்கவே நடக்காது என்று அர்த்தமில்லை.

பெரிய எண்ணுக்கும் இதே விதிதான். 80 சதவீதம் என்றால் ஐந்தில் ஒரு முறை தவறும். ஐந்து நாளில் ஒரு நாள் வராத பஸ்ஸை நம்பிப் பரீட்சைக்குக் கிளம்புவீர்களா? அன்று இரவு நான் நண்பனிடம் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

எக்ஸெல்லில் ஒரு பயிற்சி

இந்தச் சந்தைகளைப் பார்க்கவே கூடாது என்பது என் கட்சி அல்ல. நிகழ்தகவை இவ்வளவு சுவாரசியமாகச் சொல்லித்தரும் பாடப் புத்தகம் வேறில்லை. பணம் கட்டாமல் படிக்கலாம். மார்ச் இறுதியில் சீசன் தொடங்கும்போது எக்ஸெல்லைத் திறந்து, முதல் காலத்தில் 30 அணிகளின் பெயரையும் இரண்டாவது காலத்தில் அவற்றின் விலையையும் டைப் செய்யுங்கள். கீழே 'ஆட்டோசம்' கொடுத்துக் கூட்டிப் பாருங்கள். 100 வர வேண்டும். பெரும்பாலும் அதற்கு மேல் வரும். உதாரணமாக 110 வந்தால், 22 என்று காட்டும் அணியின் வாய்ப்பு 22-ஐ 110-ஆல் வகுத்தால் கிடைக்கும் 20 சதவீதம்தான். திரையில் தெரியும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடச் சுலபமான நிரூபணம் வேண்டாம். மாதம் ஒரு முறை இப்படிக் குறித்து வாருங்கள். அக்டோபர் முடிவில் உங்களிடம் ஒரு நல்ல அட்டவணை இருக்கும்.

'வாங்கு' பட்டன் மட்டும் நமக்கு வேண்டாம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் இந்தியாவில் 2025 ஆகஸ்டிலேயே நிறைவேறிவிட்டது. சட்டம் இல்லாத ஊரிலும் என் பேச்சு மாறாது. நீங்கள் வாங்கும் ஒவ்வொரு சீட்டையும் எதிர்ப்பக்கத்தில் ஒருவர் விற்கிறார். பேஸ்பாலை உங்களைவிட நன்றாகத் தெரிந்தவராக அவர் இருக்கக்கூடும்.

நண்பன் அந்த மாதம் அம்மாவிடம் ஏதோ காரணம் சொல்லிச் சமாளித்தான். பாதிப் பணத்தை நான் கொடுத்தேன். கணக்குத் தெரிந்தவன் என்று நம்பி என்னைக் கேட்டவனுக்கு, கணக்கைச் சரியாகச் சொல்லாததற்கு அதுதானே நியாயம்? இனி உங்கள் மானிட்டரில் ஒரு சதவீதத்தைப் பார்த்தால், எது நடக்கும் என்பதோடு நிற்காதீர்கள். மீதிச் சதவீதத்தில் என்ன நடக்கும், அது நடந்தால் நம்மால் தாங்க முடியுமா என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கம்ப்யூட்டர் கேட்காது. நாம்தான் கேட்க வேண்டும்.