பத்து வருஷம் தாங்குமாம் ஐ7

“தம்பி, காசைப் பார்க்காதீங்க. ஒரேயடியா ஐ7 போட்டுடுங்க. பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல.” ரிட்சி தெருக் கடைக்காரர் முதல் கல்லூரி விடுதி சீனியர் அண்ணன் வரை, முதன்முதலாக கேமிங் பிசி கட்டப் போகிறவனுக்கு எல்லாரும் ஓதும் வேதம் இது. கூடவே கையில் ஒரு துண்டுச் சீட்டும் வரும்: ஐ7, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராஃபிக்ஸ், கேபினட்டோடு 450 வாட் எஸ்எம்பிஎஸ் இலவசம். வருஷக்கணக்காக இந்தச் சீட்டைப் பார்த்து வருகிறேன். ஒரு வரிகூட மாறவில்லை, என் எரிச்சலும் தீரவில்லை.

முதலில், எந்த ஐ7? அது சீட்டில் இருக்காது. 2011இல் வந்த ஐ7-2600உம் ஐ7தான். ஏதோ அலுவலகத்தில் உழைத்து ஓய்வு பெற்ற அதைப் புதுக் கேபினட்டுக்குள் உட்கார வைத்து நாலு கலர் விளக்கு மாட்டினால் ‘கேமிங் பிசி’ ரெடி. 2022இல் வந்த ஐ3-12100எஃப்பின் பட்டியல் விலை நூறு டாலருக்குப் பக்கம்தான். இதிலும் அதே நாலு கோர், எட்டு த்ரெட். ஆனால் வேகத்தில் அந்தப் பழைய ஐ7 இதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. (எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, தனி கார்டு போட்டாக வேண்டும். போடத்தானே போகிறோம்.) இருந்தும் ‘ஐ3’ என்று வாய் திறந்தால் சீனியர் அண்ணன் ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டது மாதிரி பார்ப்பார்.

சரி, பழசு வேண்டாம், புத்தம்புது ஐ7 என்றே வைத்துக்கொள்வோம். பத்து வருஷம் தாங்குமா? 2017 ஜனவரியில் இன்டெல் ஐ7-7700கேயை இறக்கியது. பட்டியல் விலை 339 டாலர். அன்றைக்கு அதற்கு மேல் கேமிங்குக்கு ஒன்று இல்லை என்றார்கள், அது பொய்யுமில்லை. அதே வருஷம் அக்டோபரில் ஐ5-8400 வந்தது. ஆறு கோர், பட்டியல் விலை 182 டாலர். விளையாட்டுகளில் 7700கேக்குத் தோளோடு தோள் நின்றது. பத்து வருஷம் தாங்கும் என்றவர்களின் கௌரவம் பத்து மாதம் தாங்கவில்லை!

“அதனாலென்ன, பின்னாடி ப்ராசஸரை மட்டும் மாத்திக்கலாம்” என்பார்கள். எங்கே மாற்றுவது? புதிய சில்லுக்கும் எல்ஜிஏ 1151 சாக்கெட்தான், அதே 1151 தொடுபுள்ளிகள். ஆனால் 7700கேயோடு வாங்கிய இசட்270 போர்டு அதை ஏற்காது, வேறு போர்டு வேண்டும் என்று இன்டெல் கையை விரித்துவிட்டது. போர்டு வந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. அதே 2017இல் ‘ஐயோ ஏஎம்டியா’ என்ற ஏளனத்தையும் மீறி ரைசன் 5 1600ஐயும் ஒரு பி350 போர்டையும் வாங்கியவன் கதை வேறு. ஐந்து வருஷம் கழித்து, 2022இல் வந்த 5800எக்ஸ்3டியை பயாஸ் புதுப்பித்து அதே போர்டில் மாட்டிக்கொள்ளும் வசதி பல பி350 போர்டுகளுக்குக் கிடைத்தது. முதலில் குறைவாகச் செலவழித்தவனுக்குத்தான் அந்த யோகம்.

அதோடு முடிந்ததா? 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது, எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் சில்லுகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் சேர்க்கவில்லை. 7700கே அம்போ. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபரில் நின்றது. கம்ப்யூட்டர் ஓடாதா என்றால் ஓடும். ஓடுவதற்கு மட்டும் என்றால் ஐ7 எதற்கு?

இந்த ‘பத்து வருஷம்’ எங்கிருந்து முளைத்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 2011இன் 2600க்கும் நாலு கோர், 2017இன் 7700கேக்கும் நாலு கோர். இடையில் ஏஎம்டி படுத்துக் கிடந்தது, இன்டெல்லுக்கு அவசரமில்லை. ஆகவே அந்தக் காலத்தில் வாங்கிய ஐ7 நிஜமாகவே நீண்டநாள் தாக்குப்பிடித்தது. அது சில்லின் பெருமையல்ல, போட்டி இல்லாத காலத்தின் தேக்கம். 2017 மார்ச்சில் ரைசன் வந்ததும் அந்தக் காலம் முடிந்துவிட்டது. வசனத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை.

அடுத்தது ‘4 ஜிபி கிராஃபிக்ஸ்’. பட்ஜெட்டை ஐ7 விழுங்கியபின் மிச்சத்துக்கு வரும் கார்டு, பெரும்பாலும் ஜிடி 730. 2014 சரக்கு. அதிலும் 4 ஜிபி உண்டு, 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐயிலும் 4 ஜிபி உண்டு. ஆனால் முதலாவதன் 64 பிட் டிடிஆர்3 நினைவகம் நொடிக்கு 14 ஜிபி சொச்சம்தான் கடத்தும். இரண்டாவது 112 ஜிபி. ஏறக்குறைய எட்டு மடங்கு. சீட்டில் இரண்டும் ஒரே எழுத்து. காட்சியை வரைவது கார்டின் வேலை. அது திணறினால் ஐ7 சும்மா காத்திருக்கும். பந்தியில் ஏழு மாஸ்டர் சமைத்துத் தள்ள, பரிமாற ஒரே ஒரு பையன்.

இலவச எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் சும்மா விட முடியாது. 450 வாட் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 என்று இருந்தால் பன்னிரண்டை அதால் பெருக்குங்கள்: 168 வாட். ப்ராசஸரும் கார்டும் சாப்பிடுவது இதிலிருந்துதான். ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்றுக்கே 170 வாட் வேண்டும். மீதி வாட்டெல்லாம் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் பேப்பருக்கு அழகாகக் கிடக்கும்.

ராம் 16 ஜிபி, நல்லது. ஒரே குச்சியா, இரண்டு எட்டா என்று யாரும் சொல்வதில்லை. இரண்டாகப் போட்டால் ராமின் பாதை இரட்டிப்பாகும்.

“ஐ7 இருந்தா வீடியோ எடிட்டிங், கோடிங், படிப்பு எல்லாத்துக்கும் ஆகும்ல?” ஆகும். பையன் கேட்டது கேமிங் பிசி.

கலர் விளக்குகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எரிகின்றன.

கடையில் இரண்டே கேள்வி கேளுங்கள்: எத்தனையாவது தலைமுறை, 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர். “அதெல்லாம் ஒண்ணும் பார்க்கத் தேவையில்ல தம்பி, நம்ம சரக்கு” என்று பதில் வந்தால் படி இறங்கிவிடலாம். ரிட்சி தெருவில் அடுத்த கடை பத்தடிகூட இல்லை.