நனோ விஞ்ஞானமும் மலையக ஆய்வுகூடங்களும்

கணினிச் சில்லுகளில் பொறிக்கப்படும் கோடுகளின் அகலம் இன்று நனோமீற்றரிலேயே அளவிடப்படுகின்றது. ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே ஒரு நனோமீற்றராகும். இத்தகைய நுண்கோடுகளை ஒளியைக் கொண்டு வரைவது பெருஞ்செலவை வேண்டுவது. ஆதலால், தாமாகவே ஒழுங்கமையும் பதார்த்தங்களின்பால் விஞ்ஞானிகளின் கவனம் திரும்பியுள்ளது.

புளொக் கோபொலிமர் எனப்படும் பல்பகுதியம் அவற்றுள் ஒன்று. ரெஜிபோம் பெட்டிகளுக்கு மூலமான பொலிஸ்ரைரீன் சங்கிலியும் பேர்ஸ்பெக்ஸ் தகட்டுக்கு மூலமான சங்கிலியும் இதில் முனைக்கு முனை பிணைக்கப்பட்டுள்ளன. எண்ணெயும் நீரும் போல் இவை கலப்பதில்லை. பிணைப்பின் காரணமாக முற்றாகப் பிரியவும் இயலாது. எனவே சில பத்து நனோமீற்றர் அளவில் மாறிமாறி அடுக்குகளாக அமைகின்றன.

இவ்வடுக்குகள் சிலிக்கன் தகட்டின்மீது நிமிர்ந்து நின்றாலே பயன் கிட்டும். ஆனால் பேர்ஸ்பெக்ஸ் பகுதி தகட்டையும் பொலிஸ்ரைரீன் பகுதி காற்றையும் நாடுவதால், அடுக்குகள் படுத்துவிடுகின்றன. 1997ஆம் ஆண்டு ரஸல், ஹோக்கர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதற்குத் தீர்வு கண்டனர். இருவகை அலகுகளும் ஒழுங்கின்றிக் கலந்த சங்கிலிகளைத் தகட்டின்மீது முன்கூட்டியே பிணைத்து, எப்பகுதிக்கும் சார்பற்ற தளத்தை அவர்கள் உருவாக்கினர். அடுக்குகள் நிமிர்ந்தன. படலம் மாற்றப்படவில்லை, அது அமரும் தளமே பண்படுத்தப்பட்டது.

இது நமக்குத் தொலைவிலுள்ள விடயமன்று. 2008ஆம் ஆண்டு இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. யூரியாவை நனோ துணிக்கைகளுடன் பிணைத்து மெதுவாக வெளிவிடும் உரம் பற்றிய இலங்கை ஆய்வு 2017இல் வெளியாகியது. அது நெற்பயிரில் பரீட்சிக்கப்பட்டது. எனினும், மழையினால் உரம் அடித்துச் செல்லப்படும் தேயிலைச் சரிவுகளுக்கும் இத்தகைய ஆய்வு அவசியமென்பதைச் சொல்லத் தேவையில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது தோட்டங்கள் பட்ட இன்னல் இன்னும் மறக்கப்படவில்லை.

தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையிலேயே அமைந்துள்ளது. ஆனால் அதனைச் சூழவுள்ள லயன்களில் வாழும் பிள்ளைகளுள் எத்தனை பேர் ஆய்வாளராக அங்கு நுழையும் வாய்ப்பைப் பெறுகின்றனர்? தோட்டப் பாடசாலைகளை அரசு 1970களிலிருந்து கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்றது. ஆயினும் க.பொ.த. உயர்தர விஞ்ஞானப் பிரிவைக் கொண்ட 1ஏபி தரத் தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் நுவரெலியா மாவட்டத்தில் சொற்பமே. ஹற்றன், நுவரெலியா நகரங்களின் முஸ்லிம் மாணவர்களும் தமிழ்மொழிமூல விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறையின் பாதிப்பிலிருந்து தப்பவில்லை.

பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென 5 சதவீத ஒதுக்கீடு உண்டு. நுவரெலியாவும் அவற்றுள் அடங்கும். ஆனால் இரசாயனவியல் கற்பிக்கப்படாத பாடசாலையில் பயிலும் பிள்ளைக்கு, விஞ்ஞான பீடத்துக்கான ஒதுக்கீட்டினால் விளையும் பயன் யாது?

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிற்சிபெறும் விஞ்ஞான, கணித ஆசிரியர்களின் தொகை அதிகரிக்கப்படல் வேண்டும். பட்டதாரி ஆசிரியர்கள் மலையகத்தில் நிலைத்துப் பணியாற்ற விடுதியும் ஊக்குவிப்பும் வழங்கப்படல் வேண்டும். ஆய்வுகூடங்கள் திறப்பு விழாவுடன் பூட்டப்படாமல், உபகரணங்களுடன் இயங்குதல் வேண்டும்.

மலையகப் பிள்ளைகளிடம் திறமை இல்லாமலில்லை. தளம் பண்படுத்தப்படாத வரை அத்திறமை நிமிர இயலாது. கல்வி அமைச்சும் மலையக மக்கள் பிரதிநிதிகளும் இதனை உணர்ந்து செயற்படுவார்களா?