எழுந்து நின்றால் ஆறிவிட்டதா?



வடபுலத்தில் வாழும் நம் குடும்பங்கள் குளிர்கால விடுமுறையில் கால்காவில் சிறு ரயிலேறிச் சிம்லாவுக்குச் செல்வது உண்டு. அங்கே 1920ஆம் ஆண்டிலேயே திறந்தவெளிப் பனித்தளம் ஒன்று அமைந்தது. லடாக்கிலோ, உறைந்த குளங்களின்மேல் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாய் ஐஸ் ஹாக்கி ஆடுகின்றனர். 2025ஆம் ஆண்டில் நம் நாட்டு மகளிர் அணி ஆசியக் கோப்பைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றது. அவ்வணியின் பெண்களுள் பெரும்பாலோர் லடாக்கைச் சேர்ந்தவர்கள். வெப்ப நாட்டினராகிய நமக்கு இவ்விளையாட்டு புதியது. நம் பிள்ளைகள் அதனை விரும்பத் தொடங்கினால் தடுப்பானேன்? ஆயினும், அதில் நேரும் காயங்கள் எத்தகையவை, அவை எவ்வாறு ஆறுகின்றன என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். இத்திங்கள் அதனையே எழுதுகிறேன்.

அணிக்கு அறுவர் களத்தில் நிற்பர். காலடியில் கத்திபோல் கூர்மையான இரும்புத் தகடு, கையில் வளைகோல், இடையே ஓடுவது 170 கிராம் எடையுள்ள கெட்டியான ரப்பர் வட்டு. தேர்ந்த வீரர் அடித்தால் அவ்வட்டு மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் பாயும். ஆண்கள் ஆட்டத்தில் உடம்போடு உடம்பு மோதுவதும் விதிக்கு உட்பட்டதே. ஆகவே வெட்டு, சுளுக்கு, தோள்மூட்டுப் பிசகு, தொடை இடுக்குத் தசைப் பிடிப்பு, தலையில் அதிர்வு ஆகிய யாவும் இவ்விளையாட்டில் நேர்கின்றன.

இவற்றைக் கண்ணுக்குத் தெரியும் காயம், தெரியாத காயம் என்று இரண்டாகப் பிரிக்கலாம். தெரியும் காயத்தைக் கண்டு நாம் அலறுகிறோம், தெரியாததை மறந்துவிடுகிறோம். உண்மையில் நாம் அஞ்ச வேண்டிய முறை இதற்கு நேர்மாறானது.

1989ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் அமெரிக்காவின் பஃபலோ நகரில் நடந்ததைக் கேளுங்கள். கோல் காப்பாளர் கிளின்ட் மலார்ச்சக்கின் கழுத்தில் எதிரணி வீரர் ஒருவரின் சறுக்குக் காலணித் தகடு பட்டுப் பெருநாளம் அறுந்தது. பனித்தளம் செந்நிறமாயிற்று. அணியின் உடற்பயிற்சி உதவியாளர் ஜிம் பிட்ஸுடெல்லி ஓடிவந்து, குருதி பீறிடும் இடத்தைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். வியட்நாம் போரில் படை மருத்துவ உதவியாளராய்ப் பணியாற்றியவர் அவர். மருத்துவர்கள் ஏறத்தாழ 300 தையல் இட்டனர். இரண்டு வாரம் நிறைவதற்குள் மலார்ச்சக் மீண்டும் களத்தில் நின்றார்! பார்த்தோர் எழுந்து நின்று ஆரவாரித்தனர்.

அந்த உதவியாளர் செய்ததை நம் வீட்டுச் சமையலறையிலும் செய்யலாம். குருதி பெருகினால் தூய துணியை வைத்து நேரே அழுத்துங்கள். அழுத்தியபடியே மருத்துவமனைக்கு விரையுங்கள். இடையிடையே எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய குருதி மறுபடி ஒழுகும். காப்பித்தூளும் மஞ்சளும் அப்புவது நம் வீடுகளில் பழகிய வழக்கம். ஆழ்ந்த வெட்டில் அவை அழுக்கைச் சேர்க்குமேயன்றி வேறு பயன் தாரா. கணுக்கால் சுளுக்கினால் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றி, பட்டை கட்டி, காலை உயர்த்தி வையுங்கள். வீங்கிய காலை எண்ணெயிட்டு உருவுதல் முதல் சில நாட்களில் கூடாது. அதற்காக வாரக்கணக்கில் அசையாமல் கிடப்பதும் தவறு. எலும்பு முறியவில்லை என்று தெரிந்தபின், நோவு பொறுக்கும் அளவுக்கு மெல்ல ஊன்றி நடப்பதே விரைவில் குணம் தரும்.

காப்பு அணிவதில் மனிதர் எவ்வளவு தயங்குகின்றனர்! மான்ட்ரியால் அணியின் கோல் காப்பாளர் ஜாக் பிளான்ட், 1959ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் முகத்தில் வட்டு தாக்கித் தையலிட்டு வந்தபின், முகமூடியின்றிக் களம் இறங்கமாட்டேன் என்று உறுதியாய் நின்றார். கோழை என்ற ஏச்சுக்கு அவர் அஞ்சவில்லை. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆடம் ஜான்சன் என்னும் வீரர் கழுத்து வெட்டுண்டு மாண்ட பிறகே, உலகச் சம்மேளனம் தன் போட்டிகளில் கழுத்துக் காப்பை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது.

இனித் தெரியாத காயத்துக்கு வருவோம். 1968ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் மினசோட்டா அணியின் பில் மாஸ்டர்டன் மோதுண்டு பின்புறமாய் விழுந்தார். தலை பனிக்கட்டியில் அடிபட்டது. தலைக்கவசம் இல்லை. இரண்டாம் நாள் உயிர் பிரிந்தது. அதன் பின்னும் 11 ஆண்டுகள் கழிந்து, 1979இல்தான் புதிதாய்ச் சேரும் வீரர்க்குத் தலைக்கவசம் கட்டாயமாயிற்று.

கவசம் இருந்தால் போதுமா? போதாது. கவசம் மண்டையோடு பிளவாமல் காக்கும். ஆனால் மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குவதை அதனால் முற்றிலும் தடுக்க இயலாது. இதுவே மூளை அதிர்வு. குருதி இல்லை, வீக்கம் இல்லை. சாதாரணப் படங்களிலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. தலைநோவு, மயக்கம், வெளிச்சம் கண்டு கூசுதல், மறதி, காரணமற்ற எரிச்சல் இவையே அடையாளம். நினைவு இழந்தால்தான் அதிர்வு என்பதும் பிழை; பலர் நினைவு இழப்பதே இல்லை.

உலகின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவரான சிட்னி கிராஸ்பி 2011ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தலையில் அடிபட்டார். அன்றே ஓய்ந்திருக்கவில்லை. நான்கு நாள் கழித்து மறுபடி ஓர் அடி. விளைவு என்ன? நவம்பர் வரை களம் காணவில்லை. திரும்பி வந்து எட்டு ஆட்டம் ஆடியதும் நோய்க்குறிகள் மீண்டும் தலைதூக்கின. 2012 மார்ச்சில்தான் மறுபடியும் ஆட முடிந்தது. பொருளுக்கும் மருத்துவருக்கும் குறைவில்லாத ஒருவருக்கே இந்த நிலை.

எங்கள் ரயில்வே யார்டுகளில் 'சிக் லைன்' என்றொரு தடம் உண்டு. பழுதுற்ற பெட்டியைத் தொடரிலிருந்து கழற்றி அங்கே நிறுத்துவர். வண்ணம் பளபளக்கிறது, சக்கரம் உருளுகிறது என்பதற்காக அதனை மீண்டும் கோப்பதில்லை. பரிசோதகர் தகுதிச் சீட்டு எழுத வேண்டும். பிணியுற்ற ஊழியரும் மருத்துவர் சீட்டின்றி வேலையில் சேர முடியாது. இரும்புக்கும் எழுத்தருக்கும் உள்ள இந்த ஒழுங்கு, வளரும் பிள்ளையின் மூளைக்கு வேண்டாமா?

அந்த ஒழுங்கை விளையாட்டு மருத்துவர்கள் வகுத்தே வைத்திருக்கின்றனர். 2022இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் கூடிய வல்லுநர் மாநாடு உறுதி செய்த முறை இது. தலையில் அடிபட்டு ஐயம் எழுந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது; திரும்ப இறங்கக் கூடாது. முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு. இருட்டறையில் அடைத்துவைக்க வேண்டியதில்லை. வீட்டில் நடமாடலாம், கைப்பேசித் திரையை மட்டும் குறைக்க வேண்டும். அதன்பின் ஆறு படிகள்: அன்றாட வேலை, நடை, சைக்கிள் போன்ற இலேசான பயிற்சி, தனியாய்ச் சறுக்குதல், அணியோடு மோதலற்ற பயிற்சி, மோதலுள்ள பயிற்சி, இறுதியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். நோய்க்குறி மிகுந்தால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். நான்காம் படிக்கு முன் குறிகள் யாவும் நீங்கி, மருத்துவர் இசைவும் கிடைத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நான்கு வாரம் வரையில் ஆகலாம். பாடசாலைக்கு முழுமையாய்த் திரும்பிய பின்பே விளையாட்டு.

சில அடையாளங்கள் கண்டால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. வாந்தி மீண்டும் மீண்டும் வருதல், தலைநோவு ஏறிக்கொண்டே போதல், வலிப்பு, கை கால் தளர்தல், எழுப்பினால் எழாத உறக்கம், கழுத்து நோவு ஆகியவை ஆபத்தின் மணியோசை. கழுத்து நோகிறது என்றால் பிள்ளையைத் தூக்கி நிறுத்தாதீர்கள். அசைக்காமல் உதவிக்கு ஆள் அழையுங்கள். லே நகர் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மலையேற்றத்தாலும் தலை நோகும். விழுந்த பிள்ளையின் தலைநோவை 'உயரம் ஒத்துக்கொள்ளவில்லை' என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

குழு விளையாட்டில் வேறொரு தொல்லையும் உண்டு. தனியாய் ஓடுபவன் நின்றால் அவன் ஓட்டம் மட்டும் நிற்கும். அணியில் ஒருவன் நின்றால் ஐவர் கண்ணும் அவன்மேல் இருக்கும். 'நான் நன்றாய் இருக்கிறேன்' என்று பிள்ளை பொய் சொல்வது அச்சத்தால் அன்று, தோழர்மீதுள்ள அன்பால். ஆகவே அவன் சொல்லை மட்டும் நம்பாமல், அவன் நடையையும் உறக்கத்தையும் முகத்தையும் பாருங்கள். 'நீ இல்லாவிட்டால் அணி தோற்கும்' என்ற சொல்லை வீட்டில் எவரும் சொல்லாதிருப்பதே முதல் மருந்து.

மலார்ச்சக்கின் கதையில் எஞ்சியதையும் சொல்லியாக வேண்டும். கழுத்து ஆறியது, மனம் ஆறவில்லை. கனவுகளும் மனச்சோர்வும் குடியும் அவரை வாட்டின. 2008இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். அதன் பின்பே முறையான மனநல மருத்துவம் கிடைத்தது. இப்போது தம்மைப் போல் துன்புறுவோர்க்காகப் பேசி வருகிறார். கழுத்துக்குப் போதிய நாட்கள் பதினைந்துகூட இல்லை. மனத்துக்கோ இருபது ஆண்டுகள் ஆயின.

கீழே விழுந்த பிள்ளை எழுந்து நின்றதும் நாம் கைதட்டுகிறோம். தட்டுவோம், தவறில்லை. ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு அனுப்புமுன் தகுதிச் சீட்டைக் கேட்போம்.