விலக்கும் விளக்கமும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

நாட்டுப்பற்று, நட்பு, விண்வெளிப் பயணம், வேலையில்லாத் திண்டாட்டம் ஆகியவை பற்றி நம் கல்லூரி மலரில் ஆண்டுதோறும் கட்டுரைகள் வெளிவருகின்றன. நான் எழுத எடுத்துக்கொண்டது மாதவிடாய். இந்தச் சொல்லைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிட எண்ணும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். நம் வகுப்புகளில் பாதிப் பேர் பெண்கள். பாதிப் பேரின் உடல்நலத்துக்கு மலரில் இரண்டு பக்கம் கிடைக்கலாம் என்ற துணிவில் எழுதுகிறேன்.

மாதவிடாய் நலம் குறித்து மக்களிடம் பேசுவதற்கென்று தொண்டு நிறுவனம் ஒன்று சென்ற ஆண்டு கல்லூரி மாணவியருக்கு ஊக்கத்தொகையுடன் ஆறு மாதப் பயிற்சி அளித்தது. தேர்வு பெற்றவர்களில் நானும் ஒருத்தி. சனிக்கிழமைதோறும் கிராமங்களுக்குச் சென்று வந்தோம். "இதைப் பேசவா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன்?" என்று அம்மா கேட்டார். ஊக்கத்தொகையில் வீட்டுக்கு ஒரு மின்விசிறி வாங்கிய பிறகு அந்தக் கேள்வி எழவில்லை.

முதல் கிராமத்தில், படங்களைச் சுவரில் தொங்கவிட்டு, துணியை விட்டொழித்து நாப்கின் பயன்படுத்துங்கள் என்று மனப்பாடம் செய்த உரையை ஒப்பித்தோம். ஒரு பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் சொல்ற தாயி. நாங்க துணிதான். அத எங்க காயப்போடன்னு சொல்லு. கொடியில போட்டா எம் மவன் பாக்க மாட்டானா?" எங்கள் படங்களில் அதற்கு விடை இல்லை. அவர்கள் வீட்டில் அந்தத் துணி சேலைக்கு அடியிலோ, கூரை இறவாணத்திலோ, குளியல் மறைப்பின் இருட்டிலோதான் காய்கிறது. காய்கிறது என்று சொல்வதுகூடத் தவறு, ஈரத்தோடு கிடக்கிறது. பருத்தித் துணியைச் சோப்புப் போட்டு அலசி நல்ல வெயிலில் உலர்த்தினால் அதனால் ஒரு கெடுதியும் இல்லை. அதற்குக் குறுக்கே நிற்பது மகனின் பார்வைக்கு அஞ்சும் கூச்சம் ஒன்றுதான். பாட்டியின் அந்த ஒரு கேள்வியில் நான் கற்றது, மூன்று நாள் பயிற்சி வகுப்பில் கற்றதைவிட அதிகம்.

நாப்கின் கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். 2012-இல் நம் மாநிலத்தில் தொடங்கிய புது யுகம் திட்டம், 10 முதல் 19 வயது வரையுள்ள கிராமப்புறப் பெண்களுக்கு இலவச நாப்கின் தந்தது. அது போற்றத்தக்க திட்டம் என்பதில் ஐயமில்லை. பள்ளியில் நானும் வாங்கியவள்தான். பொட்டலத்துக்கு ஆறு வீதம் ஆண்டுக்கு 18 பொட்டலம் என்பது அது தொடங்கியபோது வகுத்த அளவு. பெருக்கினால் 108. மாதத்துக்கு ஒன்பது. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஐந்து நாளுக்கு அந்தக் கணக்கில் இருபது வேண்டும். மீதியைக் கடையில் வாங்க முடியாதவள் துணிக்குத்தான் போவாள், அல்லது ஒன்றையே நாள் முழுதும் வைத்திருப்பாள். அவளிடம் போய்த் துணியை விட்டொழி என்று மேடையில் பேசுவது பொருந்தாப் பேச்சு. இரண்டாம் கிராமத்திலிருந்து அந்த உரையை நாங்கள் நிறுத்திவிட்டோம்.

இருந்தாலும், பொருளைப் பொறுத்தவரை தமிழ்நாடு முன்னேறியிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கு 15 முதல் 24 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 95-க்கும் மேற்பட்டோர் தூய்மையான முறை ஒன்றைப் பின்பற்றுகிறார்கள். மலிவு விலை நாப்கின் எந்திரத்தை உருவாக்கியவரும் நம் கோயமுத்தூர்க்காரர், அருணாச்சலம் முருகானந்தம். 2016-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பொருள் வந்துவிட்டது, பேச்சுதான் வரவில்லை. மருந்துக்கடையில் நாப்கின் கேட்டால் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுத்தான் தருகிறார்கள். இருமல் மருந்தை அப்படிச் சுற்றித் தருவதில்லை.

பேசாமல் இருந்தால் என்ன நட்டம் என்று கேட்கலாம். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த இரவில், பட்டுக்கோட்டையை அடுத்த அணைக்காட்டில், தீட்டு என்று ஒதுக்கித் தங்கவைக்கப்பட்ட குடிசையின்மேல் தென்னை சாய்ந்து ஒரு சிறுமி இறந்தாள். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அதே காரணத்துக்காக வகுப்பறைக்கு வெளியே உட்காரவைத்துத் தேர்வு எழுதச் செய்தார்கள். இது பாட்டி காலத்துக் கதை என்று சொல்வோர் அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டுகிறேன்.

இனி நம் கல்லூரிக்கு வருகிறேன். இங்கே யாரும் யாரையும் விலக்கி வைப்பதில்லை. ஆனால் பெண்கள் கழிவறையில் காலை பதினோரு மணிக்கு மேல் தண்ணீர் இருப்பது அபூர்வம். பாதிக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. தோழி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆய்வகச் செய்முறை மூன்று மணி நேரம். நடுவில் வெளியே போக அனுமதி கேட்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். "வயிற்று வலி" என்கிறோம். காலையில் வைத்த நாப்கினோடு மாலைப் பேருந்து ஏறுகிறவர்கள் எங்களில் பலர். 2023 சனவரியில் கேரள அரசு தன் பல்கலைக்கழக மாணவியருக்கு வருகைப் பதிவில் 75 விழுக்காட்டுக்குப் பதில் 73 போதும் என்றது. நல்லதுதான். என்னைக் கேட்டால், அந்த இரண்டு விழுக்காட்டைவிடக் குழாயில் தண்ணீர் முதலில் வர வேண்டும். தண்ணீரும் தாழ்ப்பாளும் இருந்தால் எங்களில் பெரும்பாலோர் வகுப்புக்கு வந்துவிடுவோம். தாங்க முடியாத வலி உள்ளவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு விடுப்போடு மருத்துவரும் வேண்டும்.

மூடியுள்ள வாளி ஒன்றுகூட இல்லை என்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. நான் வேதியியல் மாணவி என்பதால் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். கிராமத்தில் சிறுமியர் முன்னால் ஒரு நாப்கினைக் கத்தரித்து உள்ளே இருப்பதைக் கண்ணாடித் தம்ளரில் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் காட்டுவோம். சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் பலபடிச் சேர்மத்தின் துகள்கள் அவை. தம் எடையைப் போல் பல மடங்கு நீரை உறிஞ்சி நுங்கு போல உப்பிவிடும். தம்ளரைக் கவிழ்த்தாலும் கொட்டாது. பிள்ளைகள் கைதட்டுவார்கள். இதே பொருள் கழிவறைக் குழாய்க்குள் போனாலும் இப்படித்தான் உப்பி அடைக்கும். சுற்றியுள்ள பிளாஸ்டிக் தாள் மக்கவும் மக்காது. நம் கழிவறை மாதம் ஒரு முறை அடைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். அதைக் குச்சியாலும், குச்சி எட்டாத இடத்தில் வெறுங்கையாலும் எடுப்பவர் தூய்மைப் பணி செய்யும் அக்கா. அவரிடம் கையுறை இருக்கிறதா என்று கேட்டேன். "வந்த புதுசுல ஒரு ஜோடி குடுத்தாங்க கண்ணு" என்றார். நாம் வாய் திறக்கக் கூசுவதன் விலையை அவருடைய கை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

எரிப்பான் எந்திரம் வாங்கினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். ஏறத்தாழ 850 டிகிரி செல்சியசுக்கு மேல் எரிந்தால்தான் நச்சுப்புகையைக் கட்டுப்படுத்த முடியும். சுவரில் மாட்டும் சிறு பெட்டி அந்த வெப்பத்தை எட்டுகிறதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். பயன்படுத்திய நாப்கினைத் தனியே சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லின. பழைய செய்தித்தாளும் மூடியுள்ள வாளியும் இருந்தால் நாளைக்கே அதைத் தொடங்கிவிடலாம்.

மாணவ நண்பர்கள் இதில் எங்களுக்கு என்ன வேலை என்று நினைக்கலாம். முருகானந்தமும் ஆண்தான். கல்லூரிப் பேரவையில் பெரும்பாலோர் நீங்கள். கோரிக்கைப் பட்டியலை எழுதுவதும் நீங்கள். மிதிவண்டி நிறுத்தத்துக்குக் கூரை, கிரிக்கெட் மட்டை, விடுதிக்குத் தொலைக்காட்சி எல்லாம் அதில் இடம்பெற்றன. வாளி இடம்பெறவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. நாங்கள் சொன்னால்தானே உங்களுக்குத் தெரியும்? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை என்று அதே ஆய்வு கூறுகிறது. உங்கள் அக்கா தங்கையரும் அந்தக் கணக்கில் வருகிறவர்கள்தாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாயா என்று அவர்களைக் கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை.

சென்ற பருவத்தின் இறுதியில் நாற்பத்திரண்டு மாணவியர் கையொப்பமிட்டு ஒரு மனு எழுதினோம். தண்ணீர், தாழ்ப்பாள், கையுறை, மூடியுள்ள வாளி பன்னிரண்டு. அலுவலகத்தில் எழுத்தர் படித்துவிட்டு, "வாளி எதுக்கும்மா?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். என்னோடு வந்த முதலாண்டு மாணவி, "மாதவிடாய் நாப்கின் போடுவதற்கு, ஐயா" என்றாள். அவர் தலையசைத்துவிட்டு அந்தச் சொற்களை அப்படியே பதிவேட்டில் எழுதி எண் போட்டுக் கொடுத்தார்.

இதை எழுதும்போது மூன்று தாழ்ப்பாள்கள் வந்துவிட்டன. அக்காவுக்கு இரண்டு ஜோடிக் கையுறை வந்திருக்கிறது. வாளிகள் அடுத்த மாதம் என்கிறார்கள்.