தலைகுனிய வேண்டியது யார்?

கொண்டப்பநாயக்கன்பட்டி சேலத்தை ஒட்டிய ஊர். ஏற்காடு மலையடிவாரத்துக்குப் போகும் பக்கத்தில் இருக்கிறது. காலை நேரத்தில் டவுன் பஸ்சுக்குக் காத்து நிற்கும் கூட்டத்தில் பெண்கள் அதிகம். கல்லூரிக்குப் போகிறவர்கள் உண்டு. ஜவுளிக்கடை வேலைக்கும், ஆஸ்பத்திரி வேலைக்கும் போகிறவர்கள் உண்டு. 2021-ம் ஆண்டு மே மாதத்தில், சாதாரண டவுன் பஸ்களில் பெண்கள் டிக்கெட் இல்லாமல் போகலாம் என்று சர்க்கார் அறிவித்தது. அதற்குப் பிறகு தமிழ்நாடு முழுவதும் பஸ்களில் பெண்கள் கூட்டம் கூடிவிட்டது.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 17. கல்லூரியில் முதல் வருடம். பஸ்சில் ஒருவன் வேண்டுமென்றே அவளை உரசுகிறான். மறுநாளும் உரசுகிறான். மூன்றாம் நாள், அவள் இறங்கும் இடத்தில் தானும் இறங்கிப் பின்னாலேயே நடக்கிறான்.

அவள் வீட்டில் சொல்வாளா? பெரும்பாலும் சொல்லமாட்டாள். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். "நீ ஏன் கண்ணு அந்த பஸ்சில் போனாய்?" என்று அம்மா கேட்பாள். "படித்தது போதும்" என்பார் அப்பா. "சட்டுப்புட்டென்று ஒரு மாப்பிள்ளை பாருங்கள்" என்பார் தாய்மாமன். மூன்று பேருமே அவள் மேல் உயிரை வைத்திருப்பவர்கள்தான். ஆனால் நடப்பது என்ன? படிப்பு நிற்பது அவளுக்கு. அவனோ, மறுநாளும் அதே பஸ்சில் சீட்டியடித்துக்கொண்டு போகிறான்!

பெண்களின் பாதுகாப்பு பற்றிய பேச்செல்லாம் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கிறது.

சட்டம் இருக்கிறது

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1998-ம் ஆண்டு ஜூலை மாதம், சென்னையில் ஆட்டோவில் வந்த ஒரு கூட்டம் செய்த கேலியால் கல்லூரி மாணவி ஒருவர் கீழே விழுந்து உயிரிழந்தார். நாடே கொதித்தது. பெண்களைக் கேலி செய்வதைத் தடுக்க அந்த ஆண்டே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. 2025-ம் ஆண்டு தண்டனை இன்னும் கடுமையாக்கப்பட்டது. பின்தொடர்வதும் குற்றம், தொடுவதும் குற்றம், ஆபாசமாகப் பேசுவதும் குற்றம்.

ஆனால் சட்டம் தானாக வந்து யாரையும் பிடிக்காது. ஒருவர் வாய் திறந்து புகார் சொல்ல வேண்டும். அந்த வாயைத்தான் "மானம்" என்ற ஒரு சொல் கட்டிப்போடுகிறது.

தமிழிலேயே ஒரு சங்கடம் இருந்தது. பலாத்காரக் குற்றத்தைப் பத்திரிகைகள் நெடுங்காலம் "கற்பழிப்பு" என்றே எழுதி வந்தன. அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அழிந்தது அவளுடைய கற்பு என்று ஆகிறது. குற்றம் செய்தவனுக்கு எதுவும் அழியவில்லையாம்! வீட்டில் திருட்டுப் போனால் வீட்டுக்காரரின் நாணயம் கெட்டுவிட்டது என்று யாராவது சொல்வார்களா? இப்போது "பாலியல் வன்கொடுமை" என்று எழுதுகிறார்கள். சொல் கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் பழி சேர வேண்டிய இடத்தில் சேருகிறது.

வாச்சாத்திப் பெண்கள்

அந்தப் பழியைத் தூக்கி எறிந்த பெண்கள் தூர தேசத்தில் இல்லை. சேலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். தர்மபுரி மாவட்டம் அரூர் தாலுகாவில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்று ஒரு சிற்றூர். தர்மபுரி, 1965 வரை சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. ஏற்காடு மலையில் இருப்பதுபோலவே இங்கேயும் மலையாளி என்னும் மலைவாழ் மக்கள் வாழ்கிறார்கள்.

1992-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி. சந்தனக்கட்டை பதுக்கியிருக்கிறார்களா என்று சோதனை போட வனத்துறையினரும், போலீசாரும், வருவாய்த்துறையினரும் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. ஊர்க்காரர்கள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்களில் பள்ளிக்கூடம் போகும் சிறுமியும் உண்டு.

அதோடு நிற்கவில்லை. பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைது செய்யப்பட்டார்கள். அவர்கள் மேலேயே வழக்குப் போட்டு சேலம் ஜெயிலில் அடைத்தார்கள். கொடுமைக்கு ஆளானவர்கள் உள்ளே, செய்தவர்கள் வெளியே.

ஊர் திரும்பிய அந்தப் பெண்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையில் காசு இல்லை. எதிரில் நின்றதோ சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று அதிகாரிகள் சாதித்தார்கள். "வெளியே சொன்னால் மானம் போய்விடும்" என்று அந்தப் பெண்களும் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மலைவாழ் மக்கள் சங்கம் துணை நின்றது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் கமிஷன் விசாரித்தது. ஐகோர்ட்டு உத்தரவால் 1995-ல் வழக்கு சி.பி.ஐ.யிடம் போயிற்று.

கோர்ட்டில் நின்று அந்தப் பெண்கள் நடந்ததைச் சொன்னார்கள். ஒரு தடவை அல்ல, பல தடவை. ஊரார் அறிய. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஊர் அவர்களை ஒதுக்கி வைக்கவில்லை. தகப்பன்மாரும் கணவன்மாரும் கோர்ட்டுக்குக் கூடவே நடந்தார்கள். இந்தத் துணை இல்லாவிட்டால், 19 ஆண்டுகள் அந்த வழக்கு நின்றிருக்காது.

ஆம், 19 ஆண்டுகள்! 2011-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி தர்மபுரி கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. அவர்கள் அப்பீல் செய்தார்கள். ஐகோர்ட்டு நீதிபதி பி. வேல்முருகன், 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் வாச்சாத்திக்கே நேரில் வந்து பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி, அப்பீல்களைத் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் ரூ.10 லட்சம் கொடுக்கவேண்டும் என்றார்.

31 ஆண்டு தாமதம் பெரிய அநியாயம். அதைச் சொல்லாமல் தீர்ப்பை மட்டும் பாராட்டினால் அது பாதி உண்மைதான். சிறுமியாக இருந்தவள் நடுவயதை எட்டிவிட்டாள்.

பொள்ளாச்சியில் நடந்தது

படிப்பும் வசதியும் உள்ள இடத்தில் நிலைமை வேறாக இருக்கிறதா? பொள்ளாச்சியைப் பாருங்கள். பெண்களைப் பழகி ஏமாற்றி, படம் எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டியது ஒரு கூட்டம். படம் வெளியானால் மானம் போய்விடும் என்று பயந்து பெண்கள் வாய் திறக்கமாட்டார்கள் என்பதுதான் அந்தக் கூட்டத்தின் ஒரே முதல். கத்தியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஊரார் பேச்சையே ஆயுதமாக்கிக்கொண்டார்கள்.

2019-ம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு மாணவி துணிந்து புகார் கொடுத்தார். அதற்குப் பரிசாக அவருடைய சகோதரர் தாக்கப்பட்டார். போதாக்குறைக்கு, போலீஸ் அதிகாரி ஒருவரே புகார் கொடுத்தவரின் பெயரை நிருபர்களிடம் வெளியிட்டார். சர்க்கார் உத்தரவு ஒன்றிலும் பெயர் வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு ரூ.25 லட்சம் நஷ்டஈடு கொடுக்கும்படி மதுரை ஐகோர்ட்டு கிளை உத்தரவிட்டது.

இத்தனைக்கும் பிறகு, மொத்தம் எட்டுப் பெண்கள் கோர்ட்டில் சாட்சி சொன்னார்கள். யாரும் பின்வாங்கவில்லை. 2025-ம் ஆண்டு மே 13-ந் தேதி கோவை மகளிர் கோர்ட்டு, 9 பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பயம் விலகியது, மிரட்டலும் பலிக்காமல் போனது.

பிரான்சு நாட்டிலும் இதே கதைதான். ஜிசேல் பெலிகோ என்ற பாட்டிக்கு அவருடைய கணவனே மயக்கமருந்து கொடுத்து, பல ஆண்களுக்கு இரையாக்கினான். வழக்கை மூடிய கதவுக்குள் நடத்தலாம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். பெயரை மறைக்கவில்லை, முகத்தை மறைக்கவில்லை. 2024-ம் ஆண்டு டிசம்பரில் 51 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். கோர்ட்டுக்கு வந்தபோது முகத்தை மூடிக்கொண்டவர்கள் அந்த ஆண்களே!

எல்லாப் பெண்களும் அப்படி முகம் காட்ட வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. கேட்கவும் கூடாது. பெயரை வெளியே சொல்வதும் சொல்லாததும் அந்தப் பெண்ணின் விருப்பம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

பஸ் நிறுத்தத்தில் நிற்கும் அந்தப் பெண்ணுக்கு வருவோம். அவள் சொல்லும்போது அப்பா முதலில் கேட்க வேண்டியது, "அவன் யார்? எந்த பஸ்? எத்தனை மணி?" என்பதுதான். "நீ ஏன் போனாய்?" என்பது அல்ல. வீட்டில் ஆண்பிள்ளை இருந்தால் அவனிடமும் இதே விஷயத்தைப் பேச வேண்டும். உரசுகிறவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே? பெண்ணுக்கு ஆயிரம் கட்டுப்பாடு சொல்லும் வீடுகளில், பையனிடம் ஒரு வார்த்தை சொல்கிறவர்கள் குறைவு.

புகார் கொடுக்க, சம்பவம் நடந்த எல்லைக்குரிய போலீஸ் நிலையத்துக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. 2024-ம் ஆண்டு ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டப்படி, எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். அவர்களே உரிய இடத்துக்கு அனுப்புவார்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை ஜெயில். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்று டெலிபோன் எண்கள் இருக்கின்றன.

அந்தப் பெண்ணுக்கு 18 வயது நிறையவில்லை. ஆகவே அவள் போலீஸ் நிலையத்தின் படி ஏற வேண்டிய அவசியமும் இல்லை. கூடியவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர், காக்கிச் சட்டை போடாமல் அவள் வீட்டுக்கே வந்து, அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறது சட்டம்.