கோடையில் சைக்கிள் யாத்திரை

கோடை விடுமுறையை வீணே கழிக்கும் மதுரை வாலிபர்களுக்கு நாம் ஒரு யோசனை கூற விரும்புகிறோம். விடியுமுன் சைக்கிளிற் புறப்பட்டு, யானைமலையைக் கடந்து சென்றால், வெயிலேறுமுன் அரிட்டாபட்டியை அடையலாம். குன்றுகள் ஏழும், சுனைகளும், சமணர் கற்படுக்கைகளும், தமிழிக் கல்வெட்டும், குடைவரைச் சிவாலயமும் அங்கே காணத்தக்கவை.

2022-ஆம் ஆண்டில் தமிழ்நாடு சர்க்கார் அவ்விடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமென அறிவித்தனர். அப்படியிருந்தும், 2024-இல் அதையும் உள்ளடக்கிய பகுதியை டங்ஸ்டன் சுரங்கத்திற்காக இந்திய சர்க்கார் ஏலம் விட்டனர். கிராமத்தார் திரண்டெழுந்து கிளர்ச்சி செய்ததன் பின்னரே, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று.

மலையைக் காக்கும் பாரம் கிராமத்தாருக்கு மட்டுந்தானா? கண்டறியாத மலைக்காக எவரும் பரிந்து பேசார். ஆதலின், நகரத்து வாலிபர்கள் அதை நேரிற் சென்று காண்பதும் ஒரு தேசத்தொண்டே என்பது நமது அபிப்பிராயம்.